கடைசியாகச் சாப்பிடுகிறவள்

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். குளத்தங்கரை மூலை வீட்டுக்குக் குடிபோகும் வரைக்கும் நானும் அதை வீட்டுச் செலவுக்குச் சொல்கிற பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன். நடுவில் புகுந்து "பசி மயக்கத்தில் ஏதாவது கண்டிருப்பாய்" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. பசிதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் பசிக்குக் கையும் காலும் உண்டு. நான் பார்த்திருக்கிறேன்.

என் மகள் டுனுவுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் காலை வரிசையில் நின்றவள் மயங்கி விழுந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த டாக்டரம்மா அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அமுக்கிப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பொண்ணு உடம்புல ரத்தமே இல்லையேம்மா. என்ன குடுக்கறீங்க?"

பாலில் கலக்கிற தூள் டப்பாவின் பெயரைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். மீன் வாங்காமல் மிச்சம் பிடித்து, மாதம் தவறாமல் வாங்கின டப்பா அது.

"அதுல இருக்கிறது முக்காவாசி சக்கரை. அந்தக் காசுக்கு மாசம் பூரா பருப்பும் முட்டையும் வாங்கலாம். முளைகட்டின கடலை குடுங்க. கீரை குடுங்க. உங்க பக்கம் குளத்தோரமா நீர்முள்ளி சும்மாவே முளைச்சுக் கெடக்குமே, அதைக் குடுங்க. காளி பூஜை முடிஞ்சதும் திரும்பக் கூட்டிட்டு வாங்க. அப்பவும் ஏறலைன்னா கல்கத்தா பெரியாஸ்பத்திரிக்கு எழுதிடுவேன். ரத்தம் ஏத்தணும்."

கல்கத்தாவுக்குப் போனால் அங்கே தங்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஹாரான் வேலை பார்த்த சணல் ஆலை வாசலில் பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனுக்கும் பஜாருக்கும் நடுவே வாடகைக்கு எடுத்த பேட்டரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைக்கு அடுப்பும் நிற்கும். அந்த மூலை வீட்டுக்கு வந்ததே வாடகை குறைச்சல் என்பதால்தான். "ஏன் இவ்வளவு குறைச்சல்?" என்று கேட்டதற்கு வீட்டின் சொந்தக்காரர் "கொசு" என்றார்.

டப்பாவைத் தலையைச் சுற்றித் தூக்கி எறிந்தேன். அந்தப் புரட்டாசி, ஐப்பசியில் நான் சமைத்த மாதிரி எங்கள் தெருவில் எவளும் சமைத்திருக்க மாட்டாள், அதை நானே சொல்லிக்கொள்கிறேன். சுரைக்காயின் தோலைக் கருஞ்சீரகம் போட்டு வதக்கினேன். காலிஃபிளவர் விற்கிறவன் ஒடித்துப் போடும் தண்டைக் கெஞ்சி வாங்கிப் பருப்பில் போட்டேன். பூசணிக் கொடியின் நுனி, சேம்பின் தண்டு, விரல் நீளப் பொடிமீன், எதையும் விட்டு வைக்கவில்லை. வாரத்தில் சில நாள் ஒரு முட்டை. அவித்த முட்டையை எங்கள் பக்கத்தில் நூலால்தான் அறுப்போம், கத்தி வைத்தால் மஞ்சள் கரு உதிர்ந்து போகும். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சரிபாதியாக அறுப்பேன். பாதி ஹாரானுக்கு, பாதி டுனுவுக்கு.

எனக்கு என்ன. எல்லாரும் எழுந்த பிறகு பானையைச் சுரண்டுவேன். சில நாள் அதுவும் இருக்காது. வடிகஞ்சியில் உப்பும் பச்சை மிளகாயும் போட்டு நின்றபடியே குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான். வீட்டுக்கு வாழ வந்த பெண் கடைசியில் சாப்பிடுவாள், இருந்தால் சாப்பிடுவாள். யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டால் "ஆச்சு" என்பாள். இந்த ஒரு பொய்க்குப் பாவமே கிடையாது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்து வைத்திருக்கிறோம்.

ஆனால் இவ்வளவு செய்தும் டுனு வாயைத் திறக்கவில்லை. கீரைக் கவளத்தைக் கொண்டு போனால் உதட்டை மடித்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பாள். கொஞ்சினேன், மிரட்டினேன், முதுகில் ஒன்று வைத்தேன். வாய்க்குள் போனதும் வெளியே வந்தது. இரும்புச் சத்து மருந்தும் அப்படியே வாந்தியாக வந்தது. கன்னம் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போனது.

நீர்முள்ளி பறிக்கக் குளத்துக்குப் போனது அப்போதுதான். உச்சிப் பொழுதில் குளத்துக்குப் போனால் பேய் கல்லெறியும் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்கூடப் பாடும். பேய்க்கு வேலை இல்லை, எனக்கு இருக்கிறதே. காலையில் அடுப்பும் குழாயடியும், மாலையில் மறுபடி அடுப்பு, நடுவில் உச்சிப் பொழுதுதான் மிச்சம்.

தண்ணீர் அசையாமல் கிடந்தது. இடிந்த படித்துறைக்குப் பக்கத்தில், இடுப்பளவு தண்ணீரில் ஒருத்தி நின்று வள்ளைக்கீரைக் கொடியை இழுத்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். சிவப்புக் கரைப் புடவை, இரண்டு கையிலும் சங்கு வளையல், முழங்கை வரைக்கும் வழிந்து விழுகிற அளவுக்குத் தொளதொளவென்று.

"ஏ பௌ, நுனியை மட்டும் கிள்ளிட்டுப் போறியே. தண்டை யாருக்கு விட்டுட்டுப் போற?" என்றாள். மூக்கடைத்த குரல். வீட்டு மருமகளைப் பௌ என்றுதான் எங்கள் பக்கத்தில் கூப்பிடுவோம்.

"இப்படித் தண்ணியிலயே நின்னா சளி பிடிக்காதா?" என்றேன்.

"பழகிப்போச்சு. நீ மூலை வீடுதானே? நானும் அங்க இருந்தவதான். அடுப்பு இன்னும் புகையுதா?"

"கண்ணே அவிஞ்சு போகுது."

"பின்பக்கத்துல ஒரு செங்கல்லை உருவி விடு. சரியாயிடும்." கொடியைக் கையிலேயே கசக்கிக் கிள்ளினாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "சாப்டியா?"

"ஆச்சு" என்றேன்.

"சரி" என்று தலையாட்டினாள். கடையில் சாமானைக் கையில் வாங்கிக்கொண்டு ஆட்டுகிற தலையாட்டல் அது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

செங்கல்லை உருவினேன். அடுப்பு புகையவில்லை. நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சமையலை முடித்துவிட்டுக் குழாயடிக்குப் போனேன். வரிசையில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினால், டுனு அடுக்களைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வாயைச் சுற்றிப் பச்சை. தட்டு காலி. எதிரே இன்னொரு தட்டு, அதுவும் காலி. விளிம்பு நசுங்கின அந்தத் தட்டு என்னுடையது.

"யாருடி ஊட்டினா?"

"கீரை மாஷி" என்றாள் டுனு, சித்தி முறை வைத்து. "ஊட்டல. எதிர்ல உக்காந்து சாப்டாங்க. அவங்க ஒரு வாய், நான் ஒரு வாய்."

பின்வாசல் படியில் ஈரக் கால் தடம். உரலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டு நீர்முள்ளி. எனக்குச் சுருக்கென்றது. முன்னே குடியிருந்தவள் என்றால் கேட்காமல் அடுக்களைக்குள் வந்துவிடுவதா? அடுத்த முறை பார்க்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் டுனு ஏப்பம் விட்டாள். அவள் ஏப்பம் விட்டுக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மறுநாள் நான் வேண்டுமென்றே குழாயடிக்குச் சீக்கிரம் போனேன்.

அதுவே வழக்கமாகிவிட்டது. உச்சியில் நான் குளத்துக்குப் போவேன். அவள் தண்ணீரில் நிற்பாள். "சாப்டியா?" "ஆச்சு." "சரி." அந்த இடுப்பளவு தண்ணீரை விட்டு அவள் கரையேறி வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் நான் குழாயடியிலிருந்து திரும்பும்போது இரண்டு தட்டு காலியாக இருக்கும். டுனுவின் உதட்டில் நிறம் தெரிந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. ஹாரான் அவளைத் தூக்கிப் பார்த்து "கனக்குறாளே" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

பானையில் அடிச் சோறு இருப்பதில்லை. வடிகஞ்சியை மூடி வைத்துவிட்டுப் போனால் அதுவும் இருப்பதில்லை. பிள்ளை தின்கிறாள், போகட்டும் என்று விட்டேன். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டியது. பாதம் எந்நேரமும் சில்லென்று இருந்தது. சிமெண்டுத் தரையில் நான் நடந்தால் ஈரத் தடம் விழுந்தது. காலைத் துடைத்துக்கொண்டு நடந்தாலும் விழுந்தது.

ஒரு நாள் கீரை அலசும்போது என் இடது கைச் சங்கு வளையல் தானாகக் கழன்று குளத்தில் விழுந்தது. துழாவிப் பார்த்தேன், அகப்படவில்லை. கல்யாணத்தன்று சோப்பைப் போட்டு, எலும்பு நொறுங்குகிற மாதிரி அழுத்தி ஏற்றின வளையல் அது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஹாரான் நிமிர்ந்து பார்த்தார். "குரல் என்ன ஆச்சு உனக்கு? ஜலதோஷமா?"

நான் பதில் சொல்வதற்குள் டுனு சொன்னாள். "அம்மா பேசினா இப்ப கீரை மாஷி மாதிரி இருக்கு. கீரை மாஷி பேசினா அம்மா மாதிரி இருக்கு."

"யாரு கீரை மாஷி?" என்றார் ஹாரான்.

"பக்கத்துல ஒருத்தங்க" என்றேன். அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

மறுநாள் குழாயடியில் எதிர்வீட்டு அண்ணி, காகலி பௌதியைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று மூடியைத் திறக்காமலே சொல்கிறவள் அவள். வெறும் கையைப் பார்த்ததும் தொடங்கிவிட்டாள்.

"அடிப்பாவி, ஒத்தைக் கை வளையலோட நிக்கறியே. புருஷனுக்கு ஆகாதுடி. கை என்ன இப்படி முருங்கைக் குச்சியா இருக்கு?"

"பௌதி, எங்க வீட்டுல முன்னாடி யார் இருந்தாங்க?"

அவள் முகம் மாறியது. குடத்தை இறக்கி வைத்தாள். "வீட்டுச் சொந்தக்காரன் சொல்லலையா? சொல்ல மாட்டான். நீலிமான்னு ஒருத்தி. புருஷனுக்கும் அச்சு வெல்லக் கடையில வேலை போன சமயம். கையில காசில்லாம, குளத்துக் கீரையை வச்சே புருஷனையும் பிள்ளையையும் கொழுகொழுன்னு வச்சிருந்தா. கெட்டிக்காரி. ஒரு நாள் உச்சி வேளையில கீரை பறிக்கப் போனா. முழங்கால் தண்ணிதான். மயங்கி விழுந்து, கொடிக்குள்ளயே கெடந்தா. அறுத்துப் பாத்த டாக்டர் சொன்னாராம், வயித்துல ஒரு பருக்கை இல்லைன்னு."

"அவ புருஷன்?"

"வேற கட்டிக்கிட்டான். வேற ஊரு." காகலி பௌதி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நான்கூடக் கடைசியிலதான் சாப்பிடறேன், நீயும் கடைசியிலதான் சாப்பிடற. அதுக்காக எல்லாருமா செத்துப்போறோம்? அவ விதி."

வீட்டுக்கு ஓடினேன். இரண்டு தட்டும் காலி. டுனு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைமுடி ஈரமாக இருந்தது. யாரோ ஈரக் கையால் தடவிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து குளத்துக்குப் போவதை நிறுத்தினேன். பின்கதவைச் சாத்தி உலக்கையை முட்டுக் கொடுத்தேன். டுனுவை நானே உட்கார வைத்து ஊட்டினேன். உதட்டை மடித்துக்கொண்டாள். "கீரை மாஷி வரட்டும்" என்றாள். அன்றும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. ஏறின நிறம் என் கண் முன்னாலேயே இறங்கியது. கதவுக்கு வெளியே படியில் ஈரம் மட்டும் காயவே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் பூதச் சதுர்த்தசி வந்தது, காளி பூஜைக்கு முந்தின நாள். அன்றைக்குப் பதினாலு வகைக் கீரை சமைத்துத் தின்ன வேண்டும், அந்தியில் வீட்டைச் சுற்றிப் பதினாலு அகல் ஏற்ற வேண்டும். விளக்கு நம் பதினாலு தலைமுறைக்கு வழி காட்டும். வரக் கூடாதவர்களை வாசலிலேயே நிறுத்தும். எனக்கு வேண்டியது அதுதான். இன்றோடு அவளை வெளியே நிறுத்திவிடுவேன், நாளை என் பிள்ளை என் கையால் சாப்பிடுவாள் என்று சபதம் போட்டுக்கொண்டேன்.

ஹாரான் பஜாரிலிருந்து பொடியாக நறுக்கின கீரைப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்தார். "பதினாலும் இதுல இருக்காம்."

"பதினாலா? முள்ளங்கி இலையையும் முளைக்கீரையையும் மாத்தி மாத்திப் போட்டு எவனோ உன் தலையில கட்டிட்டான், டுனு அப்பா. பேய்ங்களுக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனச்சானா?"

நானே அலைந்தேன். வேலியோரத்தில் சக்கரவர்த்திக்கீரை, பொன்னாங்கண்ணி, பேயாவரை. மரத்தில் ஏறியிருந்த சீந்தில். வேம்பின் கொழுந்து. யாருடைய தோட்டத்திலோ கடுகுக்கீரையும் கருணை இலையும், கேட்டும் கேட்காமலும். குளத்துப் பக்கம் மட்டும் போகவில்லை. பதினாலும் சேர்ந்துவிட்டது. கருஞ்சீரகம் தாளித்து, கடுகெண்ணெயில் சுருள வதக்கி, சோற்றோடு மூடி வைத்தேன். காலையிலிருந்து என் வாயில் ஒன்றும் படவில்லை. பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

அந்தி சாய்ந்தது. தெரு முழுக்க விளக்கு முளைத்தது. முன்வாசலிலிருந்து தொடங்கினேன். துளசி மாடம், ஜன்னல்கள், குழாய், மாட்டுக் கொட்டில் இருந்த இடம். பின்வாசலில் உலக்கையை எடுத்துவிட்டு வெளியே வந்து, நிலைப்படியின் நடுவில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தேன். கடைசி விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனேன். தண்ணீரில் யாரும் இல்லை. விளக்கைப் படியில் வைத்தேன். என் நெஞ்சு லேசானது. நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து பின்வாசல் படியில் கால் வைத்தேன். வைக்க முடியவில்லை.

சின்ன அகல், சுண்டுவிரல் உயரத்துக்குச் சுடர். ஆனால் அதன் அருகே போனால் உலைவாயில் முகத்தை வைத்த மாதிரி அடித்தது. புடவையைத் தூக்கிக்கொண்டு தாண்டப் பார்த்தேன். கால் எழும்பவில்லை. குனிந்து பார்த்தேன். என் புடவைக் கரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் குளத்தில் இறங்கவே இல்லை.

உள்ளே டுனு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே எனக்கு முதுகைக் காட்டி ஒருத்தி. கொடியில் காயப்போட்டிருந்த என் பழுப்புப் புடவையைக் கட்டியிருந்தாள். விளிம்பு நசுங்கின தட்டிலிருந்து பெரிய பெரிய கவளமாக எடுத்துத் தின்றாள். அவள் இடது கையில் என் சங்கு வளையல் இருந்தது. அது இப்போது தொளதொளவென்று இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு கச்சிதமாக இருந்தது.

டுனு என்று கூப்பிட்டேன். மூக்கால் ஏதோ ஒரு சத்தம் வந்தது. அவள் நிமிரவில்லை.

முன்வாசலில் வண்டி வந்து நின்றது. ஹாரானின் குரல் கேட்டது. "டுனு அம்மா, எல்லா விளக்கும் ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன்" என்றாள் உள்ளே இருந்தவள். என் குரல். என் குரலேதான், அந்த லேசான சிடுசிடுப்புக்கூட.

"சரி, வண்டிக்குச் சார்ஜ் போட்டுட்டு வரேன்" என்று அவர் போய்விட்டார். பத்து வருஷம் குடித்தனம் பண்ணினவர். ஒரு குரல் போதுமாக இருந்தது அவருக்கு. அந்த இடத்தில், அந்த ஈரத்தில் நின்றுகொண்டு எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது.

அவள் மெல்லத் திரும்பினாள். கெட்ட முகம் இல்லை. சாப்பிட்ட களை தெரிந்த முகம். விளக்குக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்து, வழக்கம்போலச் சாதாரணமாகக் கேட்டாள்.

"சாப்டியா?"

என் நாக்கு தானாக எழுந்தது. 'ஆ' என்ற எழுத்து தொண்டைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. ஆச்சு, ஆச்சு என்று நான் சொன்ன சோற்றையெல்லாம் யாராவது தின்றிருக்க வேண்டுமே. யார் தின்றது? நான் வேண்டாமென்று வைத்த தட்டு, நான் உட்காராமல் விட்ட இடம், எல்லாவற்றையும் தினமும் உச்சிப் பொழுதில் நானே என் வாயால் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் எதையும் திருடவில்லை. இன்னும் ஒரே ஒரு முறை சொன்னால் மிச்சமும் அவளுக்குத்தான்.

"இல்ல" என்றேன். "சாப்பிடல. காலையிலேர்ந்து சாப்பிடல. நேத்தும் சாப்பிடல. எனக்குப் பசிக்குது."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. சொல்லிவிட்ட பிறகு நிறுத்த முடியவில்லை. "பசிக்குதுடி, எனக்குப் பசிக்குது" என்று நிலைக்கு வெளியே உட்கார்ந்துவிட்டேன்.

டுனு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள், எதிரே இருந்தவளைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீ சாப்பிடவே மாட்டியோன்னு நெனச்சேன்" என்றாள். "சாப்பிடுற சோறா இருந்தா நீயும் சாப்பிடுவியே."

கீரையையும் சோற்றையும் பிசைந்து, சின்னக் கையில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு உருட்டிக்கொண்டு எழுந்து வந்தாள். விளக்குக்கு மேலே கையை நீட்டினாள். அவளுக்குச் சுடவில்லை. நான் வாயைத் திறந்தேன். வேம்பின் கசப்பு, உப்பு, கடுகெண்ணெயின் காட்டம். மென்றேன். விழுங்கினேன். வயிற்றில் போய் விழுந்த இடம் எனக்குத் தெரிந்தது. பாதத்தில் சூடு ஏறியது. எழுந்து விளக்கைத் தாண்டினேன்.

உள்ளே யாரும் இல்லை. பழுப்புப் புடவை கொடியில் தொங்கியது. எதிர்த் தட்டில் பாதிச் சோறு இருந்தது, தட்டுக்கு அருகே என் வளையல் கிடந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் வட்டமாக நனைந்திருந்தது. அந்த ஈரத்தின் மேலேயே உட்கார்ந்து அந்தத் தட்டையே இழுத்து வைத்துக்கொண்டேன். நான் ஒரு வாய், டுனு ஒரு வாய். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு, நான் விழுங்கின பிறகு விழுங்கினாள்.

ஹாரான் கையைக் கழுவிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "என்ன, இன்னைக்கு நீ முதல் பந்தியா?"

"ஆமா" என்றேன். "இனிமே உன்னோடதான் உக்காருவேன். லேட்டா வர்றவங்களுக்கு மிச்சம்."

அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பூஜை முடிந்து சுகாதார நிலையத்துக்குப் போனோம். டுனுவுக்குக் கல்கத்தா வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. கையோடு என் கண்ணிமையையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும்தான்மா" என்றார்.

அவள் இன்னும் குளத்தில் நிற்கிறாள். படித்துறையில் ஒரு முறை இலையில் சோறும் கீரையும் வைத்துப் பார்த்தேன். தொடவில்லை, காக்கைதான் தின்றது. அவளுக்கு யாரும் கொடுக்கிற சோறு இறங்குவதில்லை. எவளாவது ஆச்சு என்று சொல்லித் தள்ளி வைத்த பங்குதான் வேண்டும். உச்சியில் போனால் கேட்பாள். "சாப்டியா?" சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறேன். என்ன சாப்பிட்டேன் என்றும் சொல்கிறேன். சேம்புத் தண்டு, பருப்பு, முட்டையில் மூன்றில் ஒரு பங்கு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தெருப்பக்கம் பார்ப்பாள்.

போன வாரம் குழாயடியில் காகலி பௌதி எனக்கு முன்னால் நின்றிருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கும் இப்போது வேலை இல்லை. வாயைத் திறந்தால் மூடாதவள், தலையைக் குனிந்து நின்றாள்.

"என்ன பௌதி, சத்தமே இல்ல?"

"ஜலதோஷம்டி. விடவே மாட்டேங்குது" என்றாள் மூக்கால். குடத்தைத் தூக்கினாள். சங்கு வளையல் முழங்கை வரைக்கும் வழிந்து விழுந்தது. அவள் நின்றிருந்த இடத்தில் இரண்டு பாதமும் ஈரமாகப் பதிந்திருந்தது. குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை.

"பௌதி, சாப்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு."

குடத்தைப் பிடுங்கிக் கீழே வைத்தேன். அவள் திட்டத் திட்ட, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் அடுக்களையில் டுனுவுக்கு எதிரே உட்கார வைத்தேன். அன்றைக்கு வீட்டில் ஒரு முட்டைதான் இருந்தது. நூலின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு நாலாக அறுத்தேன்.